அறுபது சொல் ஆயுதம்

2001 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அதிபர் புஷ் கையெழுத்திட்ட, படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தின் உயிர்நாடி, ஆங்கிலத்தில் 60 சொற்கள்தான். எந்த நாட்டில் சண்டை, எப்போது முடியும் என்ற விவரமெல்லாம் அதில் கிடையாது. கீழவையில் 420 பேர் கை தூக்க, வேண்டாம் என்றவர் பார்பரா லீ ஒருவர்தான்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பொறுப்பானவர்கள்மீது படையை ஏவத் தந்த அதிகாரம் அது. அன்றைக்குச் சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாத அமைப்பு பிறக்கவே இல்லை. அதனாலென்ன? அல்-காய்தாவின் 'கூட்டாளிப் படை' என்று அதையும் தீர்மானத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியொரு சொல்லே தீர்மானத்தில் இல்லையே என்று கேட்பவர்களுக்குச் சட்டம் புரியாது, பாவம்.

ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் கதை இன்னும் ருசி. 2014 பிப்ரவரியில் அல்-காய்தா அதைத் தலைமுழுகிவிட்டது. அதிபர் ஒபாமாவின் வழக்கறிஞர்களோ செப்டம்பரில், பின்லேடனின் உண்மையான வாரிசே ஐஎஸ்தான், ஆகவே பழைய தீர்மானம் செல்லும் என்றார்கள். நம்மூரில் சொந்த மகனே வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் செருப்புத் தேய அலைகிறான். அங்கே, வீட்டைவிட்டு விரட்டப்பட்டவனுக்குக் கேட்காமலே கிடைத்தது, கூடவே குண்டும்.