பிடி விட்ட டயல் ஸ்டாண்ட்

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிடி விட்ட டயல் ஸ்டாண்டைத் தூக்கி எறிவது தவறு. சென்னைக்கும் தீவுக்கும் நடுவே சுமார் 1,370 கிலோமீட்டர் கடல். அதைவிட, இங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சின் ஷாஃப்டும் ஆல்டர்னேட்டர் ஷாஃப்டும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்க்க டயல் கேஜும் அதைத் தாங்கும் ஸ்டாண்டும் வேண்டும். கேஜில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். ஸ்டாண்ட் நழுவினால் முள் காட்டுவது ஷாஃப்டின் கோணல் அல்ல, ஸ்டாண்டின் தளர்ச்சி.

காந்த அடி, இரண்டு கை, கை நுனிகளில் குண்டு, நடுவில் ஒரே திருகு. அந்த ஒரு திருகு மூன்று மூட்டுகளையும் பூட்டுகிறது. கைகள் குழாய்கள், உள்ளே தள்ளுகம்பிகள் உண்டு. திருகினால் நடுமூட்டு இறுகும், கம்பிகள் நுனியை நோக்கி நகர்ந்து குண்டுகளை நெருக்கும். பிடி முழுக்க உராய்வு. இதை முதலில் யோசித்தவர் வணக்கத்துக்குரியவர். (எண்ணெய் அழுத்தத்தில் பூட்டும் வகை வேறு.)

திருகு கடைசிவரை ஓடியும் இறுகவில்லையா? கம்பி முனை தேய்ந்திருக்கும், அல்லது மரை போயிருக்கும். தேய்வுக்கு, குழாயின் உள்விட்டத்துக்கு வெட்டிய மெல்லிய எஃகு வில்லை ஒன்றைக் கம்பிக்குப் பின்னால் வைத்தால் போதும். திருகு கல்லாக இறுகியும் கை தொங்குகிறதா? தீவில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்: உப்புக்காற்றில் எஃகுக் கம்பி அலுமினியக் குழாய்க்குள் துருப்பிடித்து உறைந்துவிடும். இன்னும் ஓங்கித் திருகினால் மரைதான் போகும். கழற்றி, துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டு, கம்பியை மெல்லத் தட்டி எடுத்து, நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

பிடித்துவிட்டு மெதுவாக நழுவினால் குண்டில் எண்ணெய் இருக்கிறது. துருவுக்குப் பயந்து எல்லா மூட்டிலும் எண்ணெய் விடும் பழக்கம் நல்ல மனதிலிருந்து வருவது. உராய்வை அழிப்பதும் அதுவே. குண்டையும் அது அமரும் குழியையும் தின்னரால் துடைத்து உலர்த்துங்கள். கிரீஸ் மரைக்கும் கம்பிக்கும் மட்டும்.

மீண்டும் சேர்த்தபின் டயலைப் பொருத்தி, பூட்டி, கையை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். முள் பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத ஸ்டாண்டை வைத்து எந்த ஷாஃப்டையும் அளக்காதீர்கள்.