சாமிக்குத் தெரிஞ்ச கல்யாணம் சர்க்காருக்குத் தெரியாது

வாடா பேராண்டி. ஜெர்மனிக்கு வேலை பார்க்கப் போனவன் அங்கனயே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையையும் பார்த்துட்டியாமே. நல்லதாப் போச்சு. உங்கப்பன் சோறு திங்க மாட்டேன்னு முரண்டு பிடிக்கிறானாம், உங்காத்தா சுருளி வேலப்பருக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்காளாம். ரெண்டையும் கண்டுக்கிடாத. பசிச்சா அவன் திம்பான். வேலப்பரு இந்த மாதிரி வழக்குல தலையிட மாட்டாரு. அவருக்கே ரெண்டு சம்சாரம், அதுல ஒண்ணு காட்டுல தினைப்புனம் காத்த பிள்ளை.

ஊரு என்ன சொல்லும்னு பயமா? சுருளிப்பட்டிக்காரன் அதைப் பேச யோக்கியதை இல்லாதவன்டா. பந்தல் போட்டு வளர்க்கிறோமே பன்னீர் திராட்சை, அதை 1832ல தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்னு சொல்றாங்க. இப்ப 2023ல புவிசார் குறியீடு வாங்கி, ‘கம்பம் பன்னீர் திராட்சை’ன்னு நம்ம பேரையே வச்சாச்சு. பெரியாறு அணை கட்டுன பென்னிகுக் எந்த ஊரு மாப்பிள்ளை? அவரு பொறந்த நாளைக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவரு பேரை வைக்கிறோம். எங்கிருந்து எது வந்தாலும் தண்ணி பாய்ச்சி நம்மதாக்கிருவோம். ஊரு ஒத்துக்கிடும். காகிதம் ஒத்துக்கிடுமான்னு மட்டும் பாரு.

காகிதத்தோட வீரியத்தைப் பத்தி இந்தப் பள்ளத்தாக்குக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். 1886ல திருவிதாங்கூரும் வெள்ளைக்காரனும் முல்லைப் பெரியாறுக்குப் பத்திரம் எழுதுனாங்க. 999 வருசக் குத்தகை, ஏக்கருக்கு அஞ்சு ரூபா. எழுதினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, ரெண்டு மாநிலமும் கோர்ட்டு வாசலை மிதிச்சுத் தேய்ச்சாச்சு. கல்யாணத்துக்கு இத்தனை வருசம்னு கெடு போடுறதில்ல. அப்ப இன்னும் சூதானமா எழுதணுமா இல்லையா? உத்தமபாளையத்துல பத்திரம் எழுதுறவங்க திண்ணையில சாட்சிக் கையெழுத்துப் போட்டே காலம் தள்ளுனவன் நான். சொல்றேன் கேளு.

முதல் காரியம், உன் பேரு என்னன்னு நீ ஒரு முடிவுக்கு வா. சிரிக்காத. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு சுருளி உண்டுல்ல, நீயும் அப்படி ஒரு சுருளிதானே. பிறப்புச் சான்றுல ‘ஆண் குழந்தை’, பேரு போடுற கட்டம் காலி. தாய்மாமன் வந்து பேரு வைக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்காரன் எழுதி அனுப்பிட்டான். பள்ளிக்கூடத்துல மு.சுருளி. ரேஷன் கார்டுல சுருளியாண்டி. ஆதார்ல சுருளிவேல். பாஸ்போர்ட்டுல சுருளிவேல் முத்தையா. நமக்கு அம்புட்டும் ஒரே பய. வெளிநாட்டு ஆபீசருக்கு அது அஞ்சு பேரு, அதுல ஒருத்தனுக்குப் பேரே கிடையாது. அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கட்டப் போறாங்களான்னு அந்த மனுசன் பதறிப் போவான். அவனுக்கு நீ மகாபாரதமா சொல்லிக்கிட்டிருப்ப?

இனிஷியல்னா என்னன்னு வெள்ளைக்காரனுக்கு வெளங்க வைக்க பிரம்மாவாலயும் முடியாது. பாஸ்போர்ட்டுல குடும்பப் பேரு கட்டத்துல உங்கப்பன் பேரைத்தானே போட்ட? அதான் அங்க உன்னைய மரியாதையாக் கூப்பிடுறவன் எல்லாம் உங்கப்பனைக் கூப்பிடுறான். நாளைக்கு அந்தப் பிள்ளை உன் குடும்பப் பேரை எடுத்துக்கிட்டா, உங்கப்பன் பேரு அவ கையெழுத்துல ஏறும். உங்க அப்பத்தா அவ மாமனார் பேரைச் சாகுற வரைக்கும் வாயால சொன்னதில்ல; ரேஷன் கடையில கேட்டாக்கூட என்னையத்தான் திரும்பிப் பார்ப்பா. இங்க மருமக அதைப் பேங்க்ல, பஸ் பாஸுல எல்லாம் எழுதித் திரிவா. இதை உங்கப்பன் காதுல போடு. ராத்திரியே சோறு திம்பான்.

அதனால பேரு விட்டுப் போன பிறப்புச் சான்றுல பேரைச் சேர்க்க மனுக் குடு. எழுத்து முன்னப்பின்ன இருந்தா, எல்லாம் ஒரே ஆளுதான்னு நோட்டரி முன்னால உறுதிமொழிப் பத்திரம் எழுது. பேரே வேற பேருன்னா அரசிதழ்ல போட்டு மாத்திக்க. பொறந்த ஊரையும் பாரு. நீ பொறந்தது கம்பத்துல, ஆஸ்பத்திரியில. பதிவாகுறதும் அங்கதான். பாஸ்போர்ட்டுல ஊர்ப் பாசத்துல சுருளிப்பட்டின்னு எழுதிட்ட. நமக்கு அது கூப்பிடு தூரம். ஆபீசருக்கு அது ரெண்டு பிரசவம்.

அடுத்தது கல்யாணமாகாதவன்ங்கிற சான்று. ஆனதுக்குச் சான்று கேட்டா நியாயம். ஆகாததுக்கும் கேக்குற காலம் இது. இ-சேவை மையத்துல மனுப் போட்டா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு படியேறி வரும். சில நாட்டுல, தாய் தகப்பன் நோட்டரி முன்னால ‘எங்க மகனுக்கு இன்னும் ஆகல’ன்னு உறுதிமொழி குடுக்கணும்பாங்க. உங்காத்தாவுக்கு அது கஷ்டமில்ல. அந்த வாக்கியத்தை வருசக் கணக்கா ஊரெல்லாம் அழுதுக்கிட்டேதானே சொல்றா, இப்ப முத்திரை வச்சுச் சொல்லட்டும். ஆனா ஆர்வக்கோளாறுல இந்தச் சான்றை முதல்ல வாங்கிப்புடாத. மத்த காகிதம் தேன், வருசக் கணக்கா இருக்கும். இது பாலு, திரிஞ்சிரும். மூணு மாசம், ஆறு மாசத்துக்கு மேல பழசா இருந்தா நிறைய ஆபீசுல தூக்கிப் போட்டுருவாங்க. பேரைச் சரி பண்ணு, பிறப்புச் சான்றைச் சரி பண்ணு, கடைசியா இதை வாங்கு. தலைகீழாச் செஞ்சா உனக்குக் கல்யாணம் ஆகலேங்கிறதை ரெண்டு தடவை நிரூபிக்கணும்.

உன் கூட்டாளி எவனாச்சும் ஏற்கெனவே ஒண்ணைக் கட்டி, பஞ்சாயத்து வச்சுத் துரும்பு கிள்ளிப் போட்டு அத்து விட்டவனா இருந்தா அவனுக்கும் சேர்த்துச் சொல்லு. வழக்கப்படி பிரிஞ்சா நம்ம சட்டத்துல அதுக்கு இடமிருக்குன்னு வக்கீலு வாதாடுவாரு. வெளிநாட்டு ஆபீசர் துரும்பு எங்கன்னு கேக்க மாட்டான், கோர்ட்டுத் தீர்ப்பு எங்கன்னுதான் கேப்பான். சம்சாரம் செத்துப் போனவன்னா இறப்புச் சான்று. கண்ணீரு செல்லாது.

இம்புட்டையும் கட்டிக்கிட்டுப் போனா, அதுக்கு மேல அப்போஸ்டில்னு ஒண்ணு. 1961ல ஹேக் நகரத்துல பல நாடு சேர்ந்து போட்ட ஒப்பந்தம். இந்தியாவுக்கு 2005 ஜூலையில இருந்து நடப்பு. மாநில அரசு முத்திரை, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்து முத்திரை. அமைச்சகத்துக் கட்டணம் காகிதத்துக்கு 50 ரூபாதான், கொண்டுபோய்க் குடுக்கிற ஏஜென்சிக்குத் தனி. ஆயிரக்கணக்குல கேக்குற புரோக்கரைப் பார்த்தா, அமைச்சருக்கே அவன்தான் சம்பளம் குடுக்கிறான் போலன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு. பத்து வரி இருக்கிற ஒரு கட்டம் அது, அம்புட்டுதான். கையெழுத்தும் முத்திரையும் நெசம்னு மட்டும் சொல்லும். உள்ளே எழுதியிருக்கிறது நெசமா பொய்யான்னு அதுக்குக் கவலை கிடையாது. துபாய் போறவனுக்கு அது செல்லாது, அந்த நாட்டுத் தூதரகமும் தனியா முத்திரை குத்தணும்.

உன் விசயத்துல இன்னொரு கூத்து. ஜெர்மனியும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு, இந்தியாவும் இருக்கு. ஆனா இந்தியா குத்துற அப்போஸ்டிலை ஏத்துக்க மாட்டேன்னு ஜெர்மனி அன்னைக்கே ஆட்சேபணை போட்டு வச்சிருக்கு. சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்துட்டுத் தண்ணியைக் கூட வீட்டுல இருந்து கொண்டு வர்ற ஆளுக. அங்குட்டு ஸ்டாண்டஸ்ஆம்ட்டுன்னு கல்யாணப் பதிவு ஆபீசு இருக்கு. அவங்க உன் காகிதத்தைச் சென்னையில இருக்கிற ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு அனுப்பி, மெய்யான்னு பார்க்கச் சொல்லலாம். அவங்க நியமிச்ச ஆளு பள்ளிக்கூடம், பதிவு ஆபீசு, வீடுன்னு தேடி வந்து விசாரிப்பாரு. மாசக் கணக்கா இழுக்கும், செலவும் உன் தலையிலதான்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் எது தெரியுமா? அந்த ஆளு விசாரிக்க நம்ம டீக்கடைக்கு வர்றதுதான். “இந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிருச்சா?”ன்னு அவரு கேப்பாரு. டீ ஆத்துறவன் சும்மா இருக்க மாட்டான். “ஆகலங்க, ஆனா அத்தை மக ஒண்ணு பொறந்ததுல இருந்தே அவனுக்குத்தான்”பான். பக்கத்துல பேப்பர் படிக்கிறவன், “பேசி முடிச்சதுதானே, பாதிக் கல்யாணம் மாதிரி”ம்பான். மூணாமத்தவன், “எந்தப் பையனைக் கேக்குறீங்க, சுருளியா, சுருளியாண்டியா?”ம்பான். ஒருத்தன் வாயில இருந்தும் பொய் வராது. ஆனா உன் ஃபைலு மூடிக்கும். அதனால நீ காகிதம் அனுப்புற அன்னைக்கே டீக்கடையில எல்லாத்துக்கும் ஒரு வடை வாங்கிக் குடுத்துச் சொல்லி வை: கேட்டதுக்கு மட்டும் பதில், முறைப்பொண்ணு கதை வேணாம்.

அங்க இன்னொரு படியும் உண்டு. மணத்தகுதிச் சான்றுன்னு ஒண்ணு ஜெர்மன் சட்டம் கேக்கும். அந்த மாதிரிக் காகிதம் நம்ம நாட்டுல குடுக்கிறதில்ல. அதனால அங்க உள்ள மேல் கோர்ட்டுத் தலைவருகிட்ட விலக்கு வாங்கணும். விலக்குக்கு ஆயுசு ஆறு மாசம். அதுக்குள்ள கட்டிப்புடணும். நம்ம ஜோசியக்காரனாச்சும் அடுத்த முகூர்த்தம் குறிச்சுக் குடுப்பான்.

“எதுக்குத் தாத்தா இம்புட்டு, இந்தியத் தூதரகத்துலயே கட்டிக்கிட்டா என்ன?”ன்னு கேப்ப. 1969ல வந்த வெளிநாட்டுத் திருமணச் சட்டம் அதுக்கு வழி வச்சிருக்கு. ஒருத்தராச்சும் இந்தியக் குடிமகனா இருக்கணும், முப்பது நாள் நோட்டீசு, மூணு சாட்சி. ஆனா ஜெர்மன் மண்ணுல ஜெர்மன் குடிமகளைக் கட்டுறதுன்னா அந்த நாட்டுப் பதிவாளர் முன்னாலதான் செல்லும்னு அவங்க சட்டம். அங்க கட்டிட்டு, நம்ம தூதரகத்துல அதே சட்டத்துல பதிவு பண்ணிக்க.

“அப்ப வேலப்பர் கோயில்ல தாலி கட்டுறேன்”பியா? கட்டு, ஊருக்கே சோறு போடு, எனக்கு ஒரு வேட்டி எடு. ஆனா அதை மட்டும் வச்சுக்கிட்டு விசா கேக்கப் போகாத. 1955 இந்து திருமணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான். அண்ணா கொண்டாந்த சுயமரியாதைக் கல்யாணமும் அதே சட்டத்துக்குள்ளதான் வருது. வேற மதத்துப் பிள்ளையை மதம் மாத்தாமக் கட்டணும்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு. அதுலயும் முப்பது நாள் நோட்டீசை ஆபீசுப் பலகையில ஒட்டுவாங்க. ஆட்சேபணை இருக்கிறவன் வந்து சொல்லலாம். உங்கப்பனுக்கு அந்தப் பலகை இருக்கிற இடத்தைக் காட்டாத.

லீவு பத்தலேன்னு அழுவ. அதுக்கும் ஒரு கதை இருக்கு, நம்ம மாவட்டத்துக்கும் பாத்தியப்பட்ட ஐகோர்ட்டு மதுரைக் கிளையிலதான் நடந்துச்சு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பொண்ணு, அமெரிக்கக் குடிமகன் மாப்பிள்ளை. முப்பது நாளும் கழிஞ்சுச்சு, கல்யாணம் நடக்கல, மாப்பிள்ளை பிளேன் ஏறிட்டாரு. 2022 ஜூலையில நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மூணு சாட்சி முன்னால வீடியோவுலயே நடத்துங்கன்னு உத்தரவு போட்டாரு. மாப்பிள்ளை பவர் பத்திரம் குடுத்திருந்ததால, அவருக்கும் சேர்த்துப் பொண்ணே கையெழுத்துப் போடலாம்னும் சொன்னாரு. கல்யாணத்து அன்னைக்கே பொண்டாட்டி கையில பவரைக் குடுத்த மனுசன்! நாங்கள்லாம் சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் குடுத்தோம்.

சிங்கப்பூர்ல வேலை அனுமதிச் சீட்டுல இருக்கிற நம்ம பயலுகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஊருக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கட்டணும்னா முதல்ல மனிதவள அமைச்சகத்துகிட்டச் சம்மதம் வாங்கணும். ஊருல வந்து கட்டுனாலும் அதே சட்டம்தான். அங்க பொண்ணு கேக்கப் போறதுக்கு முன்னால அமைச்சரைக் கேக்கணும்.

கடைசியா உங்கப்பன் அடிமனசுல இருக்கிற பயத்தைச் சொல்லிர்றேன். திராட்சைத் தோட்டம் வெள்ளைக்காரி பேருக்குப் போயிருமாம். அம்புட்டு லேசுல போகாதுன்னு சொல்லு. வெளிநாட்டுக் குடிமக்க இங்க விவசாய நிலம் வாங்க முடியாது, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்ங்கிற ஓ.சி.ஐ. அட்டை வாங்குனாலும் முடியாது. பந்தலு உனக்குத்தான், கவாத்து வெட்டுறதும் நீதான்.

அந்த ஓ.சி.ஐ. அட்டைக்கு ஒரு நிபந்தனை இருக்கு. பதிவு பண்ணின கல்யாணம் விட்டுப் போகாம ரெண்டு வருசம் நிலைச்சிருக்கணும். பேருக்கு ஒரு ஆபீசு, பொறப்புக்கு ஒரு ஆபீசு, ஒண்டிக்கட்டைன்னு சொல்ல ஒரு ஆபீசு, எல்லாத்துக்கும் கட்டணம், எல்லாத்துக்கும் முத்திரை. அந்த ரெண்டு வருசத்தை ஓட்டிக் குடுக்க மட்டும் எந்த ஆபீசும் கிடையாது, ஏஜெண்டும் கிடையாது, நோட்டரியும் கிடையாது. அதை நீயேதான் ஓட்டணும். சாப்பிட்ட தட்டை நீயே கழுவு, அவ பேசுறப்ப போனைக் கீழ வை.