பத்து யூரோ திருஷ்டி

பெறுநர்: லூவர் அருங்காட்சியக நிர்வாகம், பாரிஸ்.
பொருள்: அயலகக் கண்களுக்கு விதிக்கப்பட்ட கூடுதல் கட்டணம் – பாராட்டும் பணிவான சில விளக்கங்களும்.

லூவர் அருங்காட்சியகத்தின் நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரி 14 முதல் இருவகைப்படும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்த கண்களுக்கு 22 யூரோ. ஏனைய கண்களுக்கு 32 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றும் முதல் வகை. உலகின் மிச்சம் முழுவதும் இரண்டாம் வகை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் ஆங்கிலேயரும் இரண்டாம் வகையில்தான் நிற்கிறார்கள். ஆங்கிலேயரையும் தமிழரையும் ஒரே வரிசையில், ஒரே விலைக்கு நிறுத்திய அருஞ்செயலுக்கு நிர்வாகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இருவகையாருக்கும் வரிசை ஒன்றே. பையைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றே. நடந்து நடந்து வலிக்கும் காலும் ஒன்றுதான். அப்படியிருக்க, நம் காசில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வரும் அந்த 10 யூரோ எதற்கு என்ற கேள்வி எழுகிறது. கட்டடப் பராமரிப்புக்கு என்பது நிர்வாகம் சொல்லும் காரணம். கூடுதல் கட்டணத்தால் ஆண்டுக்கு 1.5 கோடி முதல் 2 கோடி யூரோ வரை வரும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஆனால் கட்டடம் எல்லாருடைய காலடியிலும்தான் தேய்கிறது. பாஸ்போர்ட் பார்த்துத் தேய்வதில்லை. வேறுபாடு காலால் வருவதல்ல என்றாகிவிட்டபின் மிஞ்சுவது கண். ஆகவே இந்தக் கட்டணத்தின் சரியான பெயர் திருஷ்டிக் காசு. ஊர்க்கண், கொள்ளிக்கண் என்று நம் பாட்டிமார் வகுத்த பட்டியலில் ‘அயலகக் கண்’ என்ற புது வகையைச் சேர்த்து, அதற்கு யூரோவில் விலையும் குறித்த பெருமை லூவருக்கே உரியது.

திருஷ்டிக் கொள்கைக்கு வரலாற்றுச் சான்றுகள் ஏராளம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது பழமொழி. மோனா லிசாவுக்குக் கல்லடியே பட்டிருக்கிறது. 1956 டிசம்பர் 30 அன்று ஒருவர் எறிந்த கல் முன்னிருந்த கண்ணாடியை உடைத்துப் போய் இடது முழங்கையருகே துளி வண்ணத்தைப் பெயர்த்தது. எறிந்தவர் பொலிவியாக்காரர், இன்றைய அட்டவணைப்படி 32 யூரோ வகை. கல்லடியைத் தாங்கிய படம் அதன்பின் கண்ணடிக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அந்தப் பாப்லர் மரப்பலகை இன்று குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

திருஷ்டிக்குப் பூசணி உடைக்கும் வழக்கமும் அங்கே இறக்குமதியாகிவிட்டது. 2024 ஜனவரி 28 அன்று சூழலியல் ஆர்வலர்களான இரு பெண்கள் அதே கண்ணாடிமீது பூசணி சூப்பை வீசினார்கள். உலகத்தின் சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி எழுப்புவது அவர்கள் நோக்கம். உண்மையில் நடந்தது முறையான திருஷ்டி கழிப்பு. ஒரே குறை, காய் மாறிவிட்டது. திருஷ்டிக்கு ஆகி வருவது சாம்பல் பூசணி. சூப்புக்கு ஆகும் மஞ்சள் பூசணிக்குத் தமிழில் பரங்கிக்காய் என்று பெயர். பரங்கியர் கொண்டுவந்த காய். பரங்கி நாட்டில் பரங்கிக்காயைத்தான் உடைப்பார்கள் என்று விட்டுவிடலாம்.

இனி, திருஷ்டியைக் கண்டறியும் முறை. கண்ணைப் பார்த்துத் திருஷ்டியை அறிய முடியாது, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் அறிய முடியும் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. எடுத்துக்காட்டுக்குப் புதுச்சேரியைக் கொள்ளலாம். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோருக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா குடும்பங்கள் பல வைத்துக்கொண்டன, எதிர்வீடு வைத்துக்கொள்ளவில்லை. இரு வீட்டுப் பேத்திகளும் இன்று சேர்ந்தே பாரிஸ் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்த குடும்பங்கள், ஒரே மாதிரி மை தீட்டிய கண்கள். ஒருத்தியின் கண் 22 யூரோ, தோழியின் கண் 32 யூரோ. தாத்தா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்துப் பேத்தியின் கண்ணில் திருஷ்டி ஏறுகிறது அல்லது இறங்குகிறது.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு அங்கேயே குடியிருப்பதால் சலுகைக் கட்டணம். அவரைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு முழுக் கட்டணம். பெற்ற தாயின் கண்தான் பொல்லாத கண் என்று நம்மூரிலும் சொல்வதுண்டு. பிள்ளை சாப்பிடும்போது தாயே உற்றுப் பார்க்கக் கூடாது என்பார்கள். லூவர் அதற்கு ரசீது கொடுக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

வாசலில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடு தனிக் கவனத்துக்கு உரியது. 1989இல் திறக்கப்பட்ட, 21 மீட்டர் உயரமுள்ள இந்தக் கூம்புக்கு உருவம் எகிப்தினுடையது; வடித்தவர் ஐ. எம். பெய், சீனாவில் பிறந்த அமெரிக்கர். எகிப்தியருக்கும் சீனருக்கும் அமெரிக்கருக்கும் 32 யூரோ. பெய் 2019இல் மறைந்துவிட்டார். இருந்திருந்தால், தாம் கட்டிய வாசலில் தாமே கூடுதல் காசு கொடுத்து நுழைந்திருப்பார். ஆண்டுக்கு 40 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு அமைத்த வாசல் அது; 2024இல் வந்தவர்கள் 87 லட்சம். நெரிசல் தாங்காமல் 2025 ஜூன் 16 அன்று ஊழியர்களே திடீரென வேலையை நிறுத்தினார்கள். பல மணி நேரம் பிரமிடுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் ஐரோப்பியக் கண்களும் இருந்தன. வெயில் இருவகைக் கண்களையும் ஒரே கட்டணத்தில் சுட்டது.

உள்ளே மோனா லிசா இருக்கும் கூடத்தில் அவளுக்கு நேர் எதிர்ச் சுவரில் வெரோனீஸ் தீட்டிய கானா ஊர்த் திருமணம் தொங்குகிறது. ஏறக்குறைய 7 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். லூவரிலேயே பெரிய ஓவியம் அதுதான். வந்தவர்கள் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, முன்னால் நிற்பவர் கைபேசியில் தெரியும் மோனா லிசாவைப் படமெடுக்கிறார்கள். நம் ஊரில் திருஷ்டிக்கு மிகவும் அஞ்சும் இடம் கல்யாண வீடு. அங்கேயோ கல்யாணத்துக்குக் கண்ணாடியும் இல்லை, ஆரத்தியும் இல்லை. யாரும் பார்க்காததால் திருஷ்டியும் இல்லை. 1797இல் நெப்போலியனின் படை வெனிஸ் மடத்தின் உணவுக்கூடத்திலிருந்து இறக்கிக் கொண்டுபோன படம் அது. வெனிஸ்காரர் அதைப் பார்க்க 22 யூரோ கொடுக்கிறார். பறிகொடுத்தவரானாலும் ஐரோப்பியர் அல்லவா, சலுகை உண்டு.

பறிகொடுத்த பிறருக்கு அந்தச் சலுகை இல்லை. பாபிலோனியச் சட்டங்கள் பொறித்த ஹம்முராபி கல்தூண் இன்றைய இராக்கில் வடிக்கப்பட்டது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஏலாமியர் அதைக் கொள்ளையிட்டு, இன்றைய ஈரானில் உள்ள சூசாவுக்குக் கொண்டுபோனார்கள். 1901–02இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அதைச் சூசாவில் தோண்டி எடுத்தார்கள். அங்கே கிடைப்பதெல்லாம் பிரான்சுக்கே என்று 1900இல் பாரசீக மன்னரோடு ஓர் ஒப்பந்தம் ஏற்கெனவே ஆகியிருந்தது. எகிப்தின் தெண்டேரா கோவில் கூரையிலிருந்த ராசிமண்டலக் கல் 1821இல் ரம்பத்தாலும் வெடிமருந்தாலும் பெயர்த்தெடுக்கப்பட்டது. கோவில் கூரையில் இப்போது இருப்பது நகல். சக்காராவில் கிடைத்த எழுத்தர் சிலை கால் மடக்கி உட்கார்ந்து, படிகத்தால் செய்த கண்களால் பார்வையாளரை விழித்துப் பார்க்கிறது. கல்லால் ஆன எகிப்தியக் கண்ணுக்கு லூவரில் காலமெல்லாம் இலவசத் தங்கல். உயிருள்ள எகிப்தியக் கண்ணுக்கு 10 யூரோ கூடுதல்.

இவற்றை எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டுகள் இருந்தன என்பது உண்மையே. கொடுத்தவர்கள் அந்த மண்ணை அப்போது ஆண்டவர்கள். கோவிலைக் கட்டியவர்களோ தூணை நட்டவர்களோ அல்லர். பாட்டன் வீட்டுப் பொருளைப் பார்க்கப் போகும் பேரனிடம், அது இருக்கும் வீட்டின் கூரை ஒழுகுகிறது, அதற்கு நீதான் அதிகம் தர வேண்டும் என்று கேட்பதற்குக் கட்டண வேறுபாடு என்று பெயர் வைக்க முடியாது. அது வெட்கங்கெட்ட செயல். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியும், 1793 ஆகஸ்ட் 10இல் அரண்மனைக் கதவு மக்களுக்குத் திறந்ததைப் பற்றியும் பெருமை பேசிக்கொண்டு செய்வது இன்னும் கேவலம். ஹம்முராபியின் ஆறாவது சட்டத்தையாவது நிர்வாகம் படித்துப் பார்க்கலாம், தூண் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறது: கோவில் பொருளையோ அரண்மனைப் பொருளையோ களவாடியவனுக்கு மரண தண்டனை; அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டவனுக்கும் அதே தண்டனை.

மேன்மைமிகு நிர்வாகம் பொறுத்தருள்க. விண்ணப்பத்தில் குரல் உயர்வது முறையல்ல; வெளிநாட்டுக் கண் சிவந்தால் அதற்கும் ஒரு கட்டணம் வந்துவிடக்கூடும்.

திருஷ்டிக் கொள்கையில் ஒரே ஓர் ஓட்டை உண்டு: கொண்டுபோவோருக்கு நுழைவுச்சீட்டு தேவைப்படுவதில்லை. 1911 ஆகஸ்ட் 21இல் மோனா லிசாவை எடுத்துச் சென்ற வின்சென்சோ பெருஜா ஓர் இத்தாலியர், முன்பு லூவரிலேயே கண்ணாடிப் பெட்டி செய்யும் வேலை பார்த்தவர். இன்றைய அட்டவணையில் அவர் 22 யூரோ வகை. படம் இரண்டாண்டு கழித்து ஃபுளோரன்சில் அகப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வெற்றுச் சுவரைப் பார்க்கவே மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தச் சுவரைப் பார்த்தவர்களிடம் மட்டும் யாரும் ஊர் கேட்கவில்லை.

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்தவர்களும் சீட்டு வாங்கவில்லை. வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றும் ஏணி வண்டியை ஸேன் ஆற்றுப் பக்கம் நிறுத்தி, அப்பல்லோ கூடத்தின் மாடச் சன்னலை அறுத்து உள்ளே நுழைந்தார்கள். நான்கு நிமிடங்களுக்குள் எட்டு நகைகளோடு வெளியே வந்தார்கள், மதிப்பு 8.8 கோடி யூரோ. பேரரசி யூஜெனியின் மகுடத்தை மட்டும் போகிற போக்கில் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கச் சுவரில் இருந்த ஒரே கண்காணிப்புக் கேமரா சன்னலைப் பார்க்காமல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அருங்காட்சியகத் தலைவரே செனட்டில் ஒப்புக்கொண்டார். பார்வையாளரின் கண்ணுக்கு இவ்வளவு நுட்பமாக விலை குறித்த நிறுவனம் தன் சொந்தக் கண்ணை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. கூடுதல் கட்டணத்தை நிர்வாகக் குழு உறுதிசெய்தது அடுத்த மாதம்தான். நகையை எடுத்தவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வாசலில் அகப்பட்டவர்கள் அயலார்.

நேர்மையின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருஷ்டிக் காசை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு. மாமல்லபுரத்தில் இந்தியக் கண்ணுக்கு 40 ரூபாய், வெளிநாட்டுக் கண்ணுக்கு 600 ரூபாய், பதினைந்து மடங்கு. லூவரின் வேறுபாடு ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. கடற்கரைக் கோவிலைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் இத்தனை ஆண்டுகளாக முணுமுணுக்காமல் கொடுத்துவந்ததை மறந்து இங்கே யாரும் பொருமக் கூடாது. என்றாலும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. மாமல்லபுரத்தில் இலங்கை, நேபாளம் போன்ற அண்டை நாட்டாருக்கு இந்தியக் கட்டணமே. மேலும் அங்குள்ள ஐந்து ரதங்களும் அங்கேயே இருந்த பாறைகளில் செதுக்கியவை. ஒன்றையும் பிரான்சிலிருந்து தூக்கி வரவில்லை.

தமிழ்நாட்டுக் கலைப்பொருள் எதையும் காட்டி லூவரோடு வழக்காட முடியாது என்பதையும் குறிப்பிட வேண்டும். அதன் ஆசியத் தொகுப்பு 1945இலேயே பாரிசின் கிமே அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. சோழ நடராசரைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். ஆகவே இந்த விண்ணப்பத்துக்குப் பின்னால் சொந்த நலன் ஏதுமில்லை, ஒரு ஜோடிக் கண்களைத் தவிர.

கோரிக்கைகள் இரண்டு. முதலாவது, இராக், ஈரான், எகிப்து நாட்டாருக்கு அவரவர் கூடங்களுக்கு மட்டுமாவது கட்டணத்தை முற்றிலும் நீக்க வேண்டும். இரண்டாவது, ஏனைய அயலாருக்கு 22 யூரோவே வாங்க வேண்டும். திருஷ்டி பயம் தீரவில்லையென்றால் லா ஷப்பலின் தமிழ்க் கடைகளில் சாம்பல் பூசணி கிடைக்கும். குங்குமமும் அங்கேயே கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேரின்போது அந்தத் தெருக்களில் தேங்காய் உடைத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள், உடைப்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

நாளும் பார்க்க வேண்டியதில்லை. திருஷ்டி கழிக்க உகந்தது செவ்வாய்க்கிழமை. லூவருக்கு வார விடுமுறையும் செவ்வாய்க்கிழமைதான்.