அம்மணி: கருமத்தம்பட்டி நால்ரோட்டை முன்வைத்து ஒரு பெயராய்வு

சிக்கல்: கொங்கு நாட்டுக் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் சோமனூர் பஸ்சுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து "அம்முணி" என்று குரல் கொடுத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, புதுக் கல்யாணப் பெண், தக்காளிக் கூடைக்காரி, அவர் இடுப்பிலிருக்கும் பேத்தி என நால்வரும் திரும்புவர். ஒருவரைத் தனித்துக் காட்டுவதே பெயரின் வேலை என்றால் இது பெயர்தானா?

இலக்கணம்: நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்றும், அவற்றைப் பொது, சிறப்பு என்றும் பிரிக்கும். அம்மணி ரேஷன் கார்டில் சிறப்பு, திண்ணையில் பொது. பவணந்தி முனிவர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கில் உரிமை கொண்டாடுகிறோம். அப்படியிருந்தும் இதற்கென்று ஒரு சூத்திரம் எழுதாமல் போய்விட்டார்.

ஒலி: இதழ் பொருந்தும் மகரம், பக்கத்து அகரத்தையும் உகரமாக்க, அம்மணி அம்முணி ஆனாள். அருகில் இருப்பவரை விளிக்கையில் சொல் இயல்பாக நிற்கும், மற்றபடி இகரம் ஈகாரமாகும், தொலைவென்றால் இன்னும் நீளும் என்பது தொல்காப்பிய விளிமரபு. இதைச் சோதிக்கத் தறிக்குடோனை விடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை. தறி நிற்கையில் "அம்முணி", ஓடுகையில் "அம்முணீஇஇ".

பரவல்: திருவண்ணாமலைக் கோயிலின் வடக்குக் கோபுரம் அம்மணியம்மன் கோபுரம். தஞ்சாவூர் மண்ணின் தி.ஜானகிராமன் 'மரப்பசு' நாயகிக்கு இட்ட பெயரும் இதுவே. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அம்மிணி. அங்கெல்லாம் பெயர் பெயராகவே நின்றது. கொங்கில்தான் தெருவில் இறங்கி, வருவோர் போவோர்க்கெல்லாம் பொதுவானது.

விளைவு: அட்டையில் சரஸ்வதி, வாயில் அம்முணி என்று ஊரில் பெண்களுக்கு இரண்டு பெயர். அட்டையிலேயே அம்மணி என்றிருப்பவருக்கோ அடையாளத்துக்கு முன்னால் ஏதேனும் ஒட்டியாக வேண்டும்: மேக்காலத் தோட்டத்து அம்மணி, முக்கூட்டு அம்மணி, இட்டிலிக்கடை அம்மணி. பெற்றோர் வைத்த பெயரைவிட ஊர் வைத்த ஒட்டுக்கே இங்கே வேலை அதிகம்.

முடிவு: ஆகவே பெண்ணுக்கு அம்மணி என்று பெயரிடுவது பெயரே வைக்காததற்குச் சமம் என்பார் உண்டு. அக்கட்சி ஏற்கத்தக்கதன்று. மற்றப் பெண்களை யாராவது பிரியப்பட்டு அழைத்தால்தான் அம்முணி. அம்மணி என்றே பெயருள்ளவருக்கோ வசவிலும் அந்தச் சொல் தவறாது. "ஏனுங் அம்மணி, ரெண்டு மாச வட்டி நிக்குதுங்களே?" என்று, வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரரும் கொஞ்சிவிட்டுத்தான் கடனைக் கேட்டாக வேண்டும்.