பெருமைக்காகச் சொல்லவில்லை

எங்கள் சபையில் ஒரு பெண் எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "பெருமைக்காகச் சொல்லல, சாட்சிக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்பது போடிநாயக்கனூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆயர் மெல்லக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். என் அம்மா எழுந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

அம்மாவுக்கும் வேறு வழியில்லை. பெருமை பாவம் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள். எதிர்வீட்டு அத்தைக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. மகன் எஸ்.ஐ. ஆனதும் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்து, அவன் மீசைக்கு மேலே முருகனையும் நிறுத்தி, ஒரே நாளில் காரியத்தை முடித்துவிட்டாள். மூன்று ஆண்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அம்மாவுக்கோ சொன்னால் பாவம், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இந்த இக்கட்டில் அவளுக்குக் கைகொடுத்தது ஜெபக்குறிப்பு.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மற்ற பெண்கள் மூட்டுவலி, மருமகள், மழை என்று குறிப்புக் கொடுப்பார்கள். அம்மா முறை வரும். "பெரியவனுக்காக ஜெபிச்சுக்கங்கக்கா. மெட்ராஸ்ல பதினாலாவது மாடியில வீடு வாங்கிருக்கான். லிஃப்ட்டு அப்பப்ப நின்னுபோகுதாம்." அத்தனை பேரும் கண்ணை மூடி அந்த லிஃப்ட்டுக்காக மன்றாடுவார்கள். மூடிய கண்ணுக்குள் ஒவ்வொருத்தியும் பதினாலு மாடியையும் ஏறி இறங்கியிருப்பாள். "நடுவுலவனுக்குப் பழைய பென்ஷன் திட்டம் வரணும்" என்பது என்னைப் பற்றியது. பையன் கவர்மெண்ட் வாத்தியார், வேலை நிரந்தரம் என்பதை இதைவிட அடக்கமாகச் சொல்லிவிட முடியாது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றானபின் சங்கங்கள் மறியல் செய்து பார்த்தன. அம்மா முழங்கால் போட்டாள். பென்ஷன் வராததில் அவளுக்கு உள்ளூர வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. வந்துவிட்டால் குறிப்புத் தீர்ந்துபோகுமே.

ரயிலையும் அவள் விட்டுவைக்கவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதை போட்டு மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். இடைப்பட்ட காலம் முழுக்க அம்மா ஜெபத்தில் அந்த ரயில் தவறாமல் ஓடியது. "பெரியவன் ஏசி பஸ்லதான் வர்றான், படுத்துக்கிட்டேதான் வர்றான், இருந்தாலும் பிள்ளைக்கு இடுப்பு வலிக்குதாம்." இப்போது சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நேராகப் போடிக்கே வண்டி. தண்டவாளம் போட்டது ரயில்வே என்று நான் சொல்லப்போக, "போட வச்சது யாரு?" என்றாள். அண்ணன் அந்த ரயிலில் வந்தது ஒரே தடவை. இப்போது கார் வாங்கிவிட்டான். காருக்கும் குறிப்பு உண்டு, மைலேஜ் குறைவாம்.

அம்மாவின் தொழிலே தரம் பிரிப்பது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் ஏலக்காயைப் போடிக் குடோன்களில் சல்லடையில் போட்டு அளவு பிரிப்பார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்தது, வெளுத்தது, பூச்சி விழுந்தது என்று கையால் பொறுக்குவார்கள். 8 எம்.எம். சல்லடையில் நின்று, பச்சையும் குறையாத காய்க்குத் தனிச் சாக்கு, தனி மரியாதை. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அந்த வரிசையில் உட்கார்ந்தவள் அம்மா. அந்தக் கண் வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்துத் தலை சீவிவிடும்போதே பிரித்துவிட்டாள். பெரியவன் எட்டு எம்.எம். நான் ஏழு, அளவு போதாது, நிறம் பழுதில்லை. சின்னவனைப் பற்றி அம்மா ஒன்றும் சொன்னதில்லை. எந்தச் சல்லடையிலும் நிற்காமல் கீழே விழுந்தவன் என்று நானும் அண்ணனும் முடிவு செய்துகொண்டோம்.

சின்னவன் பத்தாம் வகுப்புக் கணக்கில் விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினவன். விடியுமுன்னே காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போகும் ஜீப்புகளில் ஒன்று. கிளீனராகப் போனவன் மேலேயே தங்கி, ஒரு எஸ்டேட் ஸ்டோரில் காய் காயவைக்கிற ஆளாகிவிட்டான். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பிக் கதவைச் சாத்தி, ராத்திரி முழுக்க வெக்கை கொடுக்கும் கட்டடம். சூடு ஏறினால் பச்சை போய்விடும், இறங்கினால் பூசணம் பிடிக்கும். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோவாகும்வரை கூட இருக்கிறவன் தூங்கக்கூடாது. வகுப்பில் முதல் பீரியடிலேயே தூங்கினவனுக்கு இந்த உத்தியோகம் வாய்த்தது. அவன் வீட்டுக்கு வரும் நாளில் சட்டை வாசனை அவனுக்கு முன்னால் தெரு திரும்பிவிடும். அன்றைக்குப் பாயசத்தில் ஏலக்காய் போட வேண்டிய அவசியம் இருக்காது.

2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது காய். அண்ணன் அந்தச் சமயம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாறி, கேட்டவர் வாய் பிளக்கும் சம்பளம் வாங்கினான். தம்பி தலைக்கு வைத்துப் படுக்கிற மூட்டைக்கு அதைவிட மதிப்பு. "சின்னவன் ராத்திரியில தனியா இருக்கான், திருட்டுப் பயம் இல்லாம ஆண்டவர் காக்கணும்" என்று அம்மா குறிப்புக் கொடுத்தாள். மூட்டை முதலாளியுடையது என்பதைச் சபைக்குச் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டு மூன்று வருஷத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. 2019-ல் கார் வாங்கிச் சாட்சி சொன்னவர்கள் எல்லாம் கடன் தீரக் குறிப்புக் கொடுத்தார்கள். அந்த வாரங்களில் அம்மா மிகுந்த உருக்கத்தோடு அவர்களுக்காக ஜெபித்தாள். அவ்வளவு உருக்கம் தேவையில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு நேர்த்தி மட்டும் பாக்கி. முதல் பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதாக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தாள். அதற்குக் காரணம் ஒரு மிஷனரி ஞாயிறு பிரசங்கம். வேலூர் சி.எம்.சி.யை உண்டாக்கிய ஐடா ஸ்கடரின் பாட்டி ஹாரியட், 1819-ல் கணவர் டாக்டர் ஜான் ஸ்கடரோடு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்தவர். அவர் பெற்ற மகன்களில் ஏழு பேர் இந்த நாட்டிலேயே மிஷனரிகள் ஆனார்கள். ஏழு பேர்! அம்மா அன்று சாப்பிடவில்லை. "அந்தம்மா ஏழு குடுத்திருக்கு, நான் ஒண்ணு குடுக்க மாட்டனா?" என்றாள்.

அந்த ஒன்று அண்ணன். பிளஸ் டூ மார்க் வந்து, இன்ஜினியரிங் சீட்டும் வந்தபோது, ஆண்டவர் அவனுக்கு வேறு திட்டம் வைத்திருப்பது அம்மாவுக்கு ஒரே ராத்திரியில் வெளிப்பட்டது. பொருத்தனை எனக்கு இறங்கியது. நான் தாடி வளர்த்துக் கொஞ்சம் தயாரும் ஆனேன். டி.ஆர்.பி. பரீட்சையில் தேறியதும் எனக்கும் வேறு திட்டம் வந்துவிட்டது. கடைசியில் சின்னவன் தலையில் விழுந்தது. அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி வாசல்வரை போய்விட்டு வந்தார். ஆண்டவர் ஆளைத்தான் கேட்டார், அரசரடியில் டிகிரி கேட்டார்கள். அப்பா திரும்பி வந்து சொன்னதும், "அப்ப அவனை மலையில வச்சிருக்கிறதும் அவர் சித்தந்தான்" என்று அம்மா கணக்கை மூடினாள். இந்தக் கதையில் அப்பா வருவது இந்த ஒரு இடந்தான். அம்மாவின் சாட்சியிலும் அவருக்கு ஒரு வரிதான் உண்டு: "அவுகளும் கூட இருந்தாக."

எங்கள் பக்கத்தில் மகன்களை வளர்த்த தாய் என்று பேச்சு வந்தால் பண்ணைப்புரம் சின்னத்தாய் வராமல் போகமாட்டார். போடியில் பஸ் ஏறினால் தேவாரம் தாண்டிப் பண்ணைப்புரம். வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, தனக்கென்று ஒரு ரூபாய்கூட வைத்துக்கொள்ளாமல் மகன்களிடம் கொடுத்து 1968-ல் சென்னைக்கு அனுப்பிவைத்த தாய். மகன் இளையராஜாவே மேடையில் சொன்ன கதை. அந்த வீட்டில் டேனியல் என்ற பெயர் புழங்கியதால், சின்னத்தாயை எங்கள் பெண்கள் சங்கத்தில் சேர்த்துவிட்ட மாதிரியே அம்மா பேசுவாள். ஒரு போட்டியும் உண்டு. "ரேடியோ போனா பாட்டுத்தான் போகும். நான் காதுல கிடந்ததைக் கழட்டிக் குடுத்தேன்." பெரியவன் கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லாமல் அம்மா கழற்றியது ஒரு ஜோடித் தோடு. சாட்சியில் அது முதல் வருஷம் தோடு, அடுத்தடுத்து வளையல், போன கிறிஸ்துமஸில் தாலிச் செயின். கூட்டுறவு சங்கத்தில் வருஷா வருஷம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்த அந்தத் தோடு, 2021-ல் ஐந்து பவுன்வரை நகைக்கடன் வட்டியோடு தள்ளுபடி என்று அரசு அறிவித்ததில் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்த பகுதி சாட்சியில் இல்லை. தோட்டைப் போட்டுக்கொண்டுதான் சாட்சி சொல்கிறாள்.

செபெதேயுவின் குமாரருடைய தாயைப் பற்றி ஒரு ஞாயிறு ஆயர் பிரசங்கித்தார். தன் இரண்டு மகன்களுக்கும் வலதுபக்கம் ஒரு நாற்காலி, இடதுபக்கம் ஒரு நாற்காலி என்று இயேசுவிடமே போய்ச் சிபாரிசு கேட்ட தாய். பிள்ளைகளைப் பற்றிய மேட்டிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவளே சாட்சி என்று சொல்லிவிட்டு, ஆயர் பெண்கள் பக்கம் பார்த்தார். குறிப்பாக மூன்றாவது பெஞ்ச். ஆராதனை முடிந்து கைகுலுக்கும் இடத்தில் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன் ஐயரே, பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா? அந்தப் பிள்ளைக வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? கூட நின்ன பத்துப் பேருக்கும் கோவம் வந்துச்சே, ஏன்? அவுக ஆத்தா கேக்கலையேன்னுதான." ஆயர் சிரித்து நழுவப் பார்த்தார். அம்மா விடவில்லை. "கடைசியில சிலுவைகிட்ட யாரு நின்னா? மத்தேயுல பாருங்க, அந்தம்மா நின்னுச்சு. அம்புட்டுப் பண்ணியும் அதுக்குப் பேர்கூட எழுதாம விட்டுருக்காக." ஆயர் வீட்டுக்குப் போய் வேதாகமத்தைப் புரட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் அவர் பிரசங்கம் வைத்ததாக நினைவில்லை.

ஆனால் இத்தனை சாட்சியிலும் சின்னவனுக்கென்று ஒன்றுமில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வரும் வாழைத்தார், பூசணி, சேவல், மிளகு எல்லாவற்றையும் ஆராதனை முடிந்து வாசலில் ஏலம் விடுவது வழக்கம். தம்பி முந்தின ராத்திரி மலையிலிருந்து இறங்கி வந்தவன், அரைக்கிலோ காய்ப் பொட்டலம் ஒன்றைப் பீடத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். பிரித்துப் பார்த்த பொருளாளர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அவரும் வியாபாரிதான். எல்லாம் 8 எம்.எம்.க்கு மேலே, ஒரு வெடிப்பு இல்லை, பறித்த அன்றைய பச்சை அப்படியே நின்றது.

போடிக்காரர்களிடம் ஏலக்காய் ஏலம் விடுவது சுலபமில்லை. ஸ்பைசஸ் போர்டு ஏலம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. அன்றன்றைய ஆவரேஜ் விலை சாயங்காலத்துக்குள் எல்லார் செல்போனுக்கும் வந்துவிடும். பூசணிக்காயைக் கர்த்தருக்கென்று மூன்று மடங்கு விலைக்கு எடுத்தவர்கள் காய்ப் பொட்டலம் வந்ததும் போனை எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் சபையின் விசுவாசம் ஆவரேஜ் வரை ஏறி அங்கேயே நின்றது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நூறு சேத்துக்கங்க" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அம்மா. எதிர்க் கேள்வி இல்லை. மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம். "இன்னொரு நூறு." அதுவும் அம்மா.

"அம்மா, நீங்க கேட்டதுக்கு மேல நீங்களே கேக்குறீக."

"தெரியும்யா. ஆவரேஜுல போறதுக்கு இது என்ன ஊரான் வீட்டுக் காயா? வெளுப்பு ஒண்ணு, வெடிப்பு ஒண்ணு எடுத்துக் காட்டுங்க பாப்போம். எங் கையில எத்தனை மூட்டை போயிருக்கு, இப்படிக் காய்ஞ்ச காயை நான் பாத்ததில்ல. நூறு சேருங்க."

தனக்குத் தானே போட்டியாக நின்று ஆவரேஜின் இரண்டு மடங்குவரை கொண்டுபோய்த்தான் ஓய்ந்தாள். கூட்டம் கைதட்டியது. தம்பி சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் யாருடைய வண்டியையோ துடைத்துக்கொண்டிருந்தான். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். அம்மா சுருக்குப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நடுவுலவன் குடுப்பான்" என்றாள். கொடுத்தேன். ரசீதை யார் பேருக்கு எழுத என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சின்னவன் பேருக்கு எழுதுங்க" என்றாள் அம்மா.