கொய்யாக் கொம்புக்குள்ள குடித்தனம்

ஏன்டா தம்பி, கொம்பு வாடுதுன்னு போனத் தூக்கிக்கிட்டுக் கொய்யாவச் சுத்திச் சுத்தி வர்றியே, செயலி என்ன சொல்லுச்சு? தண்ணி பத்தலையா? நாளைக்குக் கேட்டா சத்து பத்தலங்கும். நாப்பது வெள்ளிக்கு மருந்து வேற வாங்கித் தெளிச்சிருக்க. 2005-ல தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டம் தொடங்குனாலும் தொடங்குச்சு, இந்த ஜூரோங்குல புளோக்குக்குப் புளோக் விவசாயிதான்!

மேல என்ன பாக்குற? தரையப் பாரு. குட்டிக் குட்டியா உருண்டை கெடக்குதே, யாரு போட்டது? கொம்புக்குள்ள ஒருத்தன் கட்டையத் தின்னுட்டு ஓட்டை வழியா வெளிய தள்ளுனது. செவப்புத் தண்டுத்துளைப்பான். படிச்சவங்களுக்கு செயூசெரா காஃபியே. இலங்கையில கோப்பித் தோட்டம் வச்சிருந்த நீட்னர்ங்கிற ஜெர்மன்காரர் 1861-ல வச்ச பேரு. தோட்டத்துல முதுகொடிஞ்சது நம்மூரு சனம், பேரு வச்சது தொரை. அது கெடக்கட்டும். கோப்பின்னு பேரு இருக்கேன்னு ஏமாந்துடாத. தேயிலை, கொக்கோ, தேக்கு, சந்தனம், கொய்யான்னு எதையும் விடமாட்டான்.

தாய்ப்பூச்சி நூத்துக்கணக்குல முட்ட வைக்கும். பொரிஞ்ச பொடிசு நூல் விட்டுக் காத்துல தொங்கியே அடுத்த மரத்துக்குப் போயிரும். அதுக்கு எம்ஆர்டி அட்டையா வேணும்? இளங்கொம்புல பூந்து நடுத்தண்டக் கொடஞ்சு மாசக்கணக்குல குடித்தனம். வாடகை கெடையாது, வீவக வீட்டுக்கு வரிசையும் கெடையாது. அங்கயே கூட்டுப்புழு ஆயிரும். பூச்சி பறந்த பெறகு ஓட்டை வாயில வெறுங்கூடு பாதி நீட்டிக்கிட்டு நிக்கும்.

பூச்சியப் பாத்திருக்கியா? வெள்ள றெக்கை, மேல கருநீலப் பொட்டு. என்ன சிங்காரம்! ஆனா ஒரு வாய் திங்காது. ஜோடி சேரும், முட்ட வைக்கும், கொஞ்ச நாள்ல செத்துப்போகும். நீயும்தான் கல்யாண வீட்டுல எலைக்கு முன்னால உக்காந்து படம் புடிச்சுக்கிட்டே இருக்க. அதுக்காவது திங்கிற வாய் இல்ல, உனக்கு என்ன கேடு?

புழு கட்டைக்குள்ள, உன் மருந்து எல மேல. எப்படிடா போய்ச் சேரும்? ஓட்டைக்குக் கீழ, நல்ல கட்டை தெரியிற வரைக்கும் தள்ளி வெட்டு. வெட்டுனத மரத்தடியில போட்டுட்டு வராத. பிளந்து புழுவ எடுத்து நசுக்கு. வெட்ட மனசு வராத பெருங்கொம்புன்னா ஓட்டையில கம்பி விட்டுக் குத்து.

என்னது, தோட்டக் குழுவுல வாக்கெடுப்பு நடத்தணுமா? நடத்து, நடத்து. அதுக்குள்ள அவன் றெக்கை கட்டிக்கிட்டுக் கெளம்பிருவான்.