நேற்றுவாதி

மார்கழியில் எல்லா ஊரிலும் பஜனை கோஷ்டி கிளம்பும். அச்சரப்பாக்கத்தில் கூடுதலாக ஒரு பறவை கோஷ்டியும் கிளம்பும். இருட்டு பிரியாத நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையோரம் போய்ப் பாருங்கள். காட்டிலாகா நிறத் தொப்பி, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, கழுத்தில் பைனாகுலர், பீரங்கி போல் ஒரு லென்ஸ் என்று நிற்பவர்தான் கோஷ்டித் தலைவர். ரிட்டயர் ஆனவராகவோ ஆகத் துடிப்பவராகவோ இருப்பார். அவரை நேற்றுவாதி என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பறவையைக் கேட்டாலும் அது நேற்று வந்திருக்கும்.

"நேத்து வந்திருக்கணும் சார் நீங்க. பூநாரை மட்டும் முந்நூறு. இன்னிக்கு காத்து திரும்பிடுச்சு."

வேன் பஞ்சர் ஆனாலும் அசரமாட்டார். திரிபுரம் எரிக்கப் போன சிவபெருமானின் தேருக்கு இந்த ஊரில்தான் அச்சு முறிந்தது என்பது தலபுராணம். "அவருக்கே இங்க லேட் ஆயிடுச்சு, நாம எம்மாத்திரம்" என்பார்.

ஒருநாள் நானும் கோஷ்டியில் சேர்ந்துகொண்டேன். செய்யூர் வழியாகக் கடலோரம் போய், முதலியார்குப்பம் படகுத்துறைக்குப் பக்கத்து உப்பங்கழியில் இறங்கினோம். சேற்றில் ஓடுகிற நூறு பறவையும் நமக்கு ஒன்றுதான். நேற்றுவாதிக்கு அப்படியா? கால் சிவப்பாக இருந்தால் பவளக்காலி, பச்சையாக இருந்தால் பச்சைக்காலி. கால் சேற்றில் புதைந்திருந்தால்? சண்டை அங்கேதான் ஆரம்பம். அவர் பச்சைக்காலி என்றார்; கோஷ்டியில் இன்னொரு பைனாகுலர் பவளக்காலி என்றது. புத்தகம் வந்தது, செல்போன் வந்தது, 1990களின் நோட்டுப்புத்தகம்கூட வந்தது. பக்கத்தில் ஓர் அம்மா பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கரையில் சத்தம் பொறுக்காமல் பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"ரெண்டும் உள்ளான்தான் சாமி. தண்ணிய கலக்காம அப்பால போங்க."

பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார். அந்தச் சமயம் பறவை எழும்பியது. இறக்கையின் பின்னோரத்தில் பளிச்சென்று வெள்ளை. சந்தேகமே இல்லை, பவளக்காலி. நேற்றுவாதி கொஞ்சமும் கலங்கவில்லை. "நேத்து இதே இடத்துல நின்னது பச்சைக்காலி" என்றார்.

மத்தியானம் வேடந்தாங்கல். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் இந்த ஊர் மக்களுக்கு எழுதிக்கொடுத்த உரிமையின்படி ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு எதிராக ஊரே போய் முறையிட்டு வாங்கியது அது. எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். அந்தக் கரையில் நின்று நேற்றுவாதி "உஷ்!" என்றார் பாருங்கள், பாதி நீர்க்காகங்கள் எழும்பிவிட்டன.

ஆனால் மனிதர் நத்தைகுத்தி நாரையைப் பற்றிப் பேசினால் நாளெல்லாம் கேட்கலாம். அலகின் நுனி சேரும், நடுவில் மட்டும் இடைவெளி இருக்கும். நத்தையை எடுத்துத் தின்ன வாகாக. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். கூட்டமாக வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். வாயை முழுக்க மூட முடியாத பறவையைப் பற்றி அவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலி ஏரியும் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. அந்தச் சேதியும் தனக்கு முன்னாடியே தெரியும் என்கிறார். இருக்கட்டும். இவரைப் போன்றவர்கள் நோட்டில் வருஷக்கணக்காக எழுதி வைத்தவைதான் எந்தப் பறவை குறைகிறது, எது கூடுகிறது என்று சொல்லும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் காக்கையையும் மைனாவையும் விடாமல் எண்ணுவது இவர்தான். அரிய பறவை மட்டும் தேடும் லென்ஸ்காரர்கள் அதைச் செய்வதில்லை. இந்தத் தைக்கு நீங்களும் எண்ணுங்கள். வீட்டு மொட்டை மாடியிலேயே நிற்கலாம், பதினைந்து நிமிஷம் போதும். நேற்றுப் பார்த்ததைச் சேர்க்கக்கூடாது.